கணுக்கால் பிடி

நெய்வேலியில் அவரை எல்லோரும் ரக்பி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தியாவுக்கு ஆடிவிட்டு, எங்கள் டவுன்ஷிப் பெண்பிள்ளைகளுக்குக் கோச்சாக வந்தவர். அடிபட்டு அடிபட்டுக் காதுகள் பணியாரம் போல உப்பியிருக்கும். பிள்ளைகளை இறக்குமுன் வெறுங்காலோடு மைதானம் முழுக்க நடந்து, குத்துகிற கல்லையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஷிப்ட் முடித்து வந்து அதே மைதானத்தில் கபடி சொல்லிக்கொடுக்கிறவன் நான். என் மகளே கபடியை விட்டுவிட்டு அவரிடம் போய்விட்டாள்.

ஒருநாள் ஓரமாக நின்று பார்த்தேன். பந்தோடு ஓடியவளின் கணுக்காலை என் மகள் பாய்ந்து பிடித்துக் கவிழ்த்தாள். அவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

“இந்தப் பிடி யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“எங்கப்பா சார். தோ, நின்னுக்கினு இருக்காரே.”

நேராக என்னிடம் வந்தார். “எனக்கு இவ்ளோ சுத்தமா வராதுங்க. நாளைக்கு வந்து புள்ளைங்களோட சேத்து எனக்கும் சொல்லிக் குடுங்க.”

போனேன். பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டார்.

அவர் இந்தியாவுக்கு ஆடியதைக்கூட மன்னித்துவிடுவேன். தனக்கு வராது என்று பிள்ளைகள் முன்னால் அவ்வளவு சுலபமாகச் சொன்னாரே, அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.