முழங்கையைக் காட்டிய மாப்பிள்ளை

இந்த நோய்க்குப் படர்தாமரை என்று பெயர் வைத்த மகராசன் யாரோ தெரியவில்லை. கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். தோலில் வட்டம் வட்டமாகப் பரவி, நேரங்காலம் இல்லாமல் பிறாண்ட வைக்கிற பூஞ்சைக்குத் தாமரையாம்! சரி, பெயராவது அழகாக இருக்கிறதே. அதைக்கூட வாயைத் திறந்து சொல்ல என் தங்கை புருஷனுக்குத் துப்பில்லாமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. பேச்சுக்கும் குறைச்சல் இல்லை. குறுக்கே வண்டியை விட்டவனை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாங்கு வாங்கென்று வாங்குவார். லீவு தராத மேனேஜரிடம் மேசைக்கு முன்னால் நின்று சண்டை பிடிப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் பெட்டி. அதன் சூட்டில், கெட்டித் துணி பேன்ட்டோடு, நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வியர்வை ஊறும். அதற்காகச் சீட்டின் மேல் ஒரு துண்டை விரித்து உட்காருவார். வேலை முடிந்ததும் அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். குளியலறைக் கொடியில் அது தொங்கும். அவசரத்துக்கு யார் கையில் எது அகப்படுகிறதோ அதில்தான் அந்த வீட்டில் முகம் துடைப்பார்கள்.

தொடை இடுக்கில் அவருக்கு அரிப்பு கண்டது. பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கடையில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்களாம். அவ்வளவுதான், ஐயாவுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. "அரிப்பு" என்றார். "எங்கே?" என்று கேட்டதற்கு முழங்கையைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரன் அதையாவது பார்த்தானா? தலை நிமிராமல் ஒரு டியூபை எடுத்து வைத்தான்.

போட்டதும் அரிப்பு பட்டென்று அடங்கியது. விட்டதும் திரும்ப வந்தது. மறுபடி போட்டார், அடங்கியது. மருந்து கைகண்ட மருந்து, நோய்தான் பொல்லாதது என்று முடிவு கட்டிவிட்டார். பற்பசைக்கும் சீப்புக்கும் நடுவில் அந்த டியூப் நிரந்தரமாகக் குடியேறியது. கொசு கடித்தால் அது, பரு வந்தால் அது, அக்கி என்றால் அது. என் தங்கையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிக் கதை.

இந்த லட்சணத்தில்தான் பாப்பாவின் கன்னத்தில் வட்டம் வந்தது. பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை, ஏழாவது படிக்கிறாள். அப்பாவுக்கு அவள்தான் உயிர். காலையில் வண்டி எடுக்கப் போகுமுன் தன் விரலாலேயே டியூபைப் பிதுக்கி அவள் கன்னத்தில் பூசிவிட்டுப் போவார். வட்டம் மங்கியது. சந்தோஷப்பட்டார்கள். பிறகு கிளம்பியது பாருங்கள், கன்னம் முழுக்கச் சிவந்து, நூல் நூலாக நரம்பு தெரிந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம் கிளம்பி, வட்டம் காதையும் கண்ணோரத்தையும் பார்த்து நகர்ந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான்.

"நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல."

பின்கட்டில் குடியிருக்கிற எனக்கு அப்போதுதான் விஷயம் வந்தது. டியூபைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"என்ன மருந்து இது?"

"எல்லாத்துக்கும் கேக்கும்மா. பூஞ்சை, கிருமி, அரிப்பு, மூணும் கலந்தது."

"டாக்டர் சீட்டு இல்லாம எப்படிக் கொடுத்தீங்க? சின்னப் பொண்ணு மூஞ்சி வெந்து போய்க் கிடக்கு!"

"அவர் முழங்கைன்னாரு, கொடுத்தோம். மூஞ்சில போடச் சொன்னேனா நான்?"

முழங்கையா? அரைக்கைச் சட்டைதான் போடுவார் மாப்பிள்ளை. அந்த முழங்கையில் ஒரு கீறல்கூட நான் பார்த்ததில்லை. தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவன் அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டான். எனக்கு அழுகைதான் வந்தது.

தோல் டாக்டரிடம் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனேன். அந்தம்மா பாப்பாவின் கன்னத்தை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டியூபைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பை அடக்கிடும், பூஞ்சையை உள்ளுக்குள்ள வளர விட்டுடும். தோலும் மெலிஞ்சு போகும். இன்னியோட நிறுத்துங்க. நிறுத்தினதும் முதல்ல இன்னும் சிவக்கும், பயந்துபோய் மறுபடி இதை எடுக்காதீங்க. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

தங்கை தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"இருந்தா சொல்லிடுங்க. இவளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தா மறுபடி வந்து ஒட்டிக்கும்."

அப்போதும் வாய் திறக்கவில்லை அந்த மனுஷன். பெற்ற பெண்ணின் முகம்! எனக்கு உச்சந்தலையில் ஏறியது.

"மாப்பிள்ளை, கடைக்காரன் உங்க முழங்கைன்னான். எங்க, காட்டுங்க பார்ப்போம்."

"அக்கா, விடுங்களேன்... பாப்பா இருக்கா."

"பாப்பா இருக்கான்னுதான் கேக்கறேன். சொல்லுங்க!"

"தொடை இடுக்குல," என்றார். "போன வெயில் காலத்துலேருந்து."

டாக்டர் சிரிக்கவில்லை. காய்ச்சல் என்றால் எப்படி எழுதுவாரோ அப்படி "சரி" என்று எழுதிக்கொண்டு, திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்தார். வெங்காயச் சருகு மாதிரி தோல் மெலிந்து, செவ்வரி செவ்வரியாகக் கிடக்கிறதாம். இந்த ஒரு சொல்லுக்காகவா அந்தப் பிஞ்சு முகத்தைக் காவு கொடுத்தார்?

ஸ்டீராய்டு கலக்காத களிம்பு இருவருக்கும் தனித்தனியாக. கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக, வட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் தள்ளிப் பூச வேண்டும். கண் பக்கம் போகக்கூடாது. முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். துண்டு ஆளுக்கொன்று. "அரிப்பு நின்னாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது" என்று டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார். பாப்பா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தழும்பு போயிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் போயிடும். மாசக்கணக்காகும்."

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை துண்டுகளை எல்லாம் வெந்நீரில் தானே அலசினார். சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, புது டியூபைத் திறந்துகொண்டு மகளிடம் போனார்.

"வாம்மா, அப்பா போட்டு விடறேன்."

பாப்பா எழுந்து, அவர் கையிலிருந்து டியூபை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. நானே போட்டுக்கறேன்."

கண்ணாடிக்கு முன்னால் நின்று, டாக்டர் சொன்னபடியே ஓரத்தைத் தாண்டி மெல்லிசாகப் பூசினாள். அவர் விரலை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். திட்டுவதற்கு என்னிடம் இன்னும் நிறைய இருந்தது. அந்த வேலையை அவளே செய்துவிட்டாள்.