சீயக்காயில் வெந்த கார்டு துரை பைப்பு

அழுகிய முட்டை நாற்றம்... அன்றைக்கு எங்கள் வீட்டில் முட்டையே இல்லை. அடுப்பில் சீயக்காய்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ரயில் கார்டு துரை புகைபிடிக்கிற பைப்பின் வாய் வெந்துகொண்டிருந்தது.

தொண்ணூறு தாண்டிவிட்டது எனக்கு. போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். நேற்று கொள்ளுப்பேரன் ஏதோ படத்தில் பைப்பு பிடிக்கிறவரைக் காட்டி, அது என்னவென்று கேட்டான். அதிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உங்களிடம் சொன்னாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருஷம். திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி விழுப்புரம் வந்து மூன்று மாதம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வே காலனிப் பக்கம் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கட்டை எல்லாம் கடைவார். காலனி ஆங்கிலோ இந்தியர்கள் தங்கள் பழைய பைப்புகளையும் அவரிடம்தான் கொடுப்பார்கள்.

புகையிலை அடைக்கும் கிண்ணத்தில் படிந்த கரியைக் கத்தி முனையால் சுரண்டுவார். பாலிஷ் ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைப்பார். தாழை மடலால் தேய்த்தால் மரம் பளபளவென்று வந்துவிடும். ஆனால் வாயில் வைக்கிற கறுப்புக் குழாயை மட்டும் தொடவே மாட்டார். ஊரான் எச்சில்... இடுக்கியால்தான் பிடிப்பார்.

நான் வந்தபின் வந்த முதல் பைப்பு கார்டு துரையுடையது. அன்று மதியம் மெட்ராஸ் பாசஞ்சர்தான் அவருக்குக் கடைசி டியூட்டி. அடுத்த வாரம் மகளோடு கப்பலேறுகிறார்.

"எங்கப்பா பைப்பு இது. வேற வாய் போட்றாதே. இதே எனக்குத் திரும்பி வரணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் குழாயை இடுக்கியால் என்னிடம் நீட்டினார். "நல்லா சுத்தமா கழுவி வையி புள்ள. ரெண்டு தலமொற எச்சில்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்.

எங்கள் அம்மா வீட்டில் எச்சில் போக வேண்டுமென்றால் சீயக்காய் போட்டுக் கொதிக்க வைப்போம். நானும் வைத்தேன். அது கந்தகம் கலந்த கெட்டி ரப்பர், கொதித்தால் அழுகிய முட்டையாய் நாறும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ கொம்பு என்று நினைத்தேன்.

எடுத்துப் பார்த்தால்... கொக்கி மாதிரி வளைந்திருந்த குழாய் ஆணி மாதிரி நிற்கிறது. கறுப்பெல்லாம் வெளுத்துச் சாணி நிறம். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். துரை பைப்பு வால் ஒரே கொதியில் நிமிர்ந்துவிட்டது.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார்.

"இன்னா புள்ள இது, நிமுந்துகினு நிக்குது?"

"கொதிக்க வச்சேங்க..."

அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். "தொரை வர்ற நேரம். அவங்கப்பா பைப்பு. நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அந்தப் பாசஞ்சர் திண்டிவனம் வழியாகத்தான் போகும். கோபத்தில் என்னை அதில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பினால், கொடி காட்டப் போகிறவரும் அதே துரை.

"சூட்டுல நிமுந்தது சூட்டுலயே வளையாதாங்க?" என்றேன்.

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுக்கிற மணலை அடுப்பில் ஏற்றினேன். குழாயின் துளை அடைந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகி, சூடான மணலில் புதைத்தேன். இளகியதும் செம்பின் கழுத்தில் வைத்து வளைத்துத் தண்ணீர் ஊற்றினேன். முதல் தடவை அரிவாள் மாதிரி வந்தது. இரண்டாம் தடவை தூண்டில் முள். மூன்றாவதுதான் பைப்பு மாதிரி வந்தது. அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன், கறுப்பும் திரும்பியது. குழாயைக் கிண்ணத்தில் செருகினேன்.

"வாயில வச்சிப் பாத்தாதான் தெரியும். வச்சிப் பாருங்க" என்றேன்.

"நானா? ஊரான் எச்சிலு."

"அவ்ளோ நேரம் கொதிச்சதுல இன்னா எச்சில் மிச்சம் இருக்கும்?"

"அப்ப நீயே வையி."

வைத்தேன். கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, துரை மாதிரியே நின்றேன். இவர் குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் எறங்கணும், மீசையில இடிக்கும்" என்கிறார். எனக்கு மீசை ஏது...

"தாடையைத் தூக்கும்மா. நான் அப்படித்தான் பிடிப்பேன்."

வாசலில் கார்டு துரை. வெள்ளை யூனிபாரம், கக்கத்தில் கொடி.

பைப்பை வாயிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஒருவழியாக எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினேன். அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சீயக்காய், மணல், மல்லாட்டை வரைக்கும்.

துரை பைப்பை வாங்கினார். மோந்து பார்த்தார். பிறகு அப்படியே வாயில் வைத்துக் காற்றை இழுத்தார். கண்ணாடியில் பார்த்தார்.

"எங்கப்பா ஒரு நாள் இதும்மேல உக்காந்துட்டாரு. அதுலேர்ந்து கோணல். வாயில வச்சா வலது பக்கமே இழுக்கும். இப்பதான் நேரா நிக்குது" என்றார். சொல்லிவிட்டுச் சத்தமாக மூக்கைச் சிந்தினார். சீயக்காய்க் காரமா, அப்பா ஞாபகமா, தெரியாது.

மதியம் ரயில்வே கேட்டோரம் நின்று பார்த்தேன். கடைசிப் பெட்டியில் பைப்பும் பச்சைக் கொடியுமாகத் துரை போனார். நான் அந்த வண்டியில் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பட்டறையிலேயே கிடந்தார். ஊரான் சாமானை வாயில் வைத்ததற்குக் கோபம் என்று நினைத்தேன். சோறு போடும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒரு தபா குடுத்திருக்கலாம் இல்ல... வாயில வச்சிப் பாக்க."

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்துக் குடிக்கிறார்கள். எச்சில் என்றால் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு வெகு முன்பே மாறிவிட்டார். மறுநாள் காலையிலிருந்தே நான் பாதி குடித்த டீயைத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பார். கொதிக்க வைக்காமலே.

இப்போது முழுத் தம்ளரையும் நானே குடிக்க வேண்டியிருக்கிறது...