இன்சூரன்ஸ் மறுக்கவில்லை

இன்சூரன்ஸ் மறுக்கவில்லை. நான் கேட்கவேயில்லை!

இதை என் மனைவி சுகந்தியிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழையின் வேலைதான்... தெரியும்.

சுகந்திக்கு நாற்பது வயதுக்குப் பிறகு வலிப்பு வந்தது. முதலில் கொடுத்த மருந்துக் குளிசை வலிப்பை அடக்கியது, கூடவே அவளுடைய கையையும் கெடுத்தது. விரல்கள் ஓயாமல் நடுங்கின. அவள் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குசினியிலேயே பிறந்தநாளுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் கேக் செய்து கொடுத்தவள். ஐசிங்கால் தமிழ்ப் பெயர்களை அச்சுப்போல எழுதுவாள். தூரத்திலுள்ள பிறம்ரனிலிருந்துகூட வந்து எடுத்துப்போவார்கள். நடுக்கம் தொடங்கியதும் எழுத்துக் கோணியது. பிறகு அவளே ஓடர் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

வைத்தியர் புதிய குளிசை ஒன்றை இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தந்து பார்த்தார். ஒரு காலையில் சுகந்தி கோப்பை நிறையத் தேத்தண்ணியை ஒரு துளியும் சிந்தாமல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அழுதுவிட்டேன்!

அந்தச் சந்தோசம் மருந்துக்கடையில் முடிந்தது. எங்கள் தொழிற்சாலையின் இன்சூரன்ஸ் மருந்துகளை மூன்று படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதற்படி மருந்துக்கு நாங்கள் சில டொலர்கள் கொடுத்தால் போதும். சுகந்தியின் புதுக் குளிசை மூன்றாம் படி. வைத்தியர் காரணம் எழுதி, இன்சூரன்ஸ் கம்பனி அனுமதித்தால் மட்டுமே காசு தருவார்கள். அனுமதி இல்லாவிட்டால் முழு விலை. மாதாமாதம் அப்படிக் கொடுக்க எங்களால் முடியாது.

வைத்தியர் படிவத்தை நிரப்பித் தந்தார். நான் கையெழுத்திட்டு, ஒஷாவாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த அலுவலகத்தில் இந்த அலுவல்களைப் பார்ப்பவர் ஒரு தமிழர். அப்போது எங்கள் மகளுக்கு ஒரு கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு நெருங்கிய சொந்தம்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்... படிவத்தின் நடுவில் பெரிய எழுத்தில் 'வலிப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தாய்க்கு வலிப்பு என்றால் மகளுக்கும் வரும் என்று சொல்லமாட்டார்களா? சம்பந்தம் முறியாதா? எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

கதவடியில் நின்றேன். அவர் தலையை நிமிர்த்திச் சிரித்து, என்ன விசயம் என்று கேட்டார். நான் என் விடுமுறை நாட்களைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். வேலை முடிந்து போகும்போது படிவத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அந்த மனிதர் யாரிடமும் வாய் திறந்திருக்கமாட்டார். அது எனக்கு அப்போதே தெரியும்... தெரிந்துதான் கிழித்தேன்!

மூன்று கிழமை கழித்துச் சுகந்தியிடம், கம்பனி மாட்டேன் என்றுவிட்டது என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இந்த நகரத்தில் இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது என்றால் எவரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லோரும் ஒருமுறையாவது மறுக்கப்பட்டவர்கள். இதைவிட வசதியான பொய் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

"அவங்கள் தரமாட்டாங்கள் எண்டால் நீங்கள் என்ன செய்யிறது? விடுங்கோ, நான் பழசையே போடுறன்," என்றாள்.

என்னைத் தேற்றினாள்! பிறகு இருவருமாகக் கம்பனியைத் திட்டினோம். நான்தான் கூடச் சத்தமாகத் திட்டினேன்.

அடுத்த வருடம் வைத்தியர் இன்னும் கடுமையாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். அதையும் கிழித்தேன். மீண்டும் மறுத்துவிட்டார்கள் என்றேன். இரண்டாவது பொய்க்கு நாக்குக் கொஞ்சமும் தடுமாறவில்லை.

கலியாணம் நடந்தது. மகளின் கேக்கை வேறொருத்தி செய்தாள். நான்கு தட்டு, வெள்ளை ஐசிங். சுகந்தி அதன் பக்கத்தில் படத்துக்கு நின்றபோது கைகளைச் சேலைத்தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து மகளைக் காரில் ஏற்றிவரும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், அம்மாவின் வலிப்பு வருத்தம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியவருமோ என்று. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அப்பா, நான் அவரைச் சந்திச்ச முதல் நாளே சொல்லிட்டன். அவையின்ர வீட்டில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல."

யாருக்காக மறைத்தேன்? மகளுக்காகவா? இல்லை... என் மானத்துக்காக!

மகள் சொன்ன அன்றைக்கே புதுப் படிவம் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், அதுதான் என் மிகப்பெரிய குற்றம். கொடுத்து, இரண்டு கிழமையில் அனுமதி வந்துவிட்டால்? இத்தனை நாளும் என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இன்னும் ஒன்றரை வருடம் அவளை நடுங்கவிட்டேன். மறைக்க இனி எந்தக் காரணமும் இல்லாதபோதும் நடுங்கவிட்டேன்.

இந்த வருடம் அந்தக் குளிசையின் மலிவான வகை சந்தைக்கு வந்தது. முதற்படிக்கு இறங்கிவிட்டது. மருந்து எடுக்கப் போன என்னிடம் மருந்துக்கடைக்காரி தானாகவே சொன்னாள். அனுமதி தேவையில்லை, படிவம் தேவையில்லை... நானும் தேவையில்லை. சுகந்தியின் கை இப்போது அமைதியாக இருக்கிறது. ஆனால் முன்பு அவளைத் தேடி வந்தவர்கள் வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் யாரையும் குறைசொல்வதில்லை.

குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் புகழ்கிறாள்! நான் அலைந்ததால்தான் கம்பனி இறங்கிவந்தது என்று நம்புகிறாள்.

போன ஞாயிறு விட்பியிலிருந்து அவளுடைய சிநேகிதி தொலைபேசியில் அழைத்தாள். கணவனின் மருந்தை இன்சூரன்ஸ் மறுத்துவிட்டதாம். சுகந்தி அவளிடம், "எங்கட இவர் மூண்டு வருசம் விடாமல் அலைஞ்சவர். நீர் அவரோட கதையும்," என்று சொல்லித் தொலைபேசியை என் கையில் தந்தாள்.

"அண்ணை, நீங்கள் என்னெண்டு செய்தனீங்கள்?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்... சுகந்தி அருகிலேயே நின்றாள்.

"விடாமல் கேளுங்கோ தங்கச்சி," என்றேன். "மறுத்தாலும் திருப்பிக் கேளுங்கோ."

என் குரல் எவ்வளவு அனுபவசாலியின் குரலாக இருந்தது தெரியுமா! சுகந்தி பெருமையோடு தலையாட்டினாள்.

வருகிற சனிக்கிழமை அந்தச் சிநேகிதியும் கணவனும் கடதாசிகளோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எப்படிப் போராடுவது என்று நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். சுகந்திதான் வரச்சொல்லியிருக்கிறாள்.