இல்லாத சோபாவில் உட்கார்ந்த அம்மா

2010-ஆம் வருடம். நான் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டி. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூண்டு வாசனை என்று ஒன்று தனியாகத் தெரியாது. வெளியூர்க்காரர்கள்தான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கைத் தேய்ப்பார்கள். அந்த வாசனை என் துணியிலும் இருக்குமோ என்று பயந்து, பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்புகிற ஆள் நான்.

அம்மா வீட்டிலேயே பூண்டு வேலை பார்த்தார். ஊரில் ஒரு பூண்டுக் கடையிலிருந்து மூட்டை வரும். முன்னறை ஜன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்து, தாளையும் வேரையும் வெட்டி, பெரிசு சிறிசு பிரித்துப் போடுவார். கூலி வேலைதான். அப்பா அதே கடையில் மூட்டை தூக்கினார். ஆனால் கல்லூரியில் நான் சொல்லிவைத்திருந்தது, "எங்களுக்குப் பூண்டு மண்டி இருக்கு" என்று. வாய் தவறி வந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. யோசித்துத்தான் சொன்னேன்.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு நானும் என் தோழியும் எடுத்துக்கொண்டது, ஒரு வீட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டுவது. கண்ணை முழுசாக மூடுகிற ஒரு கண்ணாடி, அதற்குள் இரண்டு குட்டித் திரைகள். கல்லூரியில் வாங்கிப்போட்டு யாரும் தொடாமல் கிடந்தது. அதை ஒரு பைக் ஹெல்மெட்டில் பொருத்தி, உச்சியில் ஒரு வெப் கேமராவைக் கட்டினோம். வீட்டின் உள்கூரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சடித்த தாள்களை ஒட்டிவிட்டால், கேமரா அவற்றைப் பார்த்து ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிடும். நிஜ வீட்டில் ஓர் அடி நடந்தால், கண்ணுக்குள் தெரிகிற வீட்டிலும் ஓர் அடி நகர்வோம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர் பின்னாலேயே போகவேண்டும், மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவர் மாதிரி.

இரண்டு வீட்டையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் பெரும்பாடு. படத்தில் சுவர் தெரிகிற இடத்தில் கை வைத்தால் நிஜச் சுவர் தட்டுப்பட வேண்டும். தோழி விடுதியில் இருந்ததால், "உங்க வீட்டையே எடுத்துக்கோ" என்று எங்கள் ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொண்ட மேடம் சொல்லிவிட்டார். ப்ரோகிராம் தோழியின் வேலை, வீட்டை அளந்து வரைவது என் வேலை. தூண், கதவு நிலை, மாடக்குழி எல்லாவற்றையும் விரல்கடை பிசகாமல் அளந்தேன். மூட்டைகளை மட்டும் வரையவில்லை. அம்மாவின் பலகையையும் வரையவில்லை. அந்த ஜன்னலோரத்தில் மெரூன் நிறத்தில் ஒரு சோபாவைப் போட்டேன். எங்கள் வீட்டில் சோபா கிடையாது.

மேடமும் தோழியும் வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளில், "வர்றவுக முன்னால இதெல்லாம் கெடந்தா நல்லாவா இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மூட்டைகளைப் பக்கத்து வீட்டுக்கு நகர்த்திவிட்டு, அறையைக் கூட்டிவிட்டார்.

வந்ததும் வராததுமாக மேடம் அம்மாவிடம், "பூண்டு மண்டி வச்சிருக்கீங்களாமே" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். "காப்பி போட்டுக் கொண்டாரேன் டீச்சர்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

மேடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். தூண் தெரிந்த இடத்தில் தூண் இருந்தது. நிலை தெரிந்த இடத்தில் நிலை இருந்தது. பிரமாதம் என்றார். "சோபா எங்கடி?" என்று தோழி கேட்க, "மேல்துணி மாத்தக் குடுத்திருக்கு" என்று கூசாமல் சொன்னேன். அப்போது மேடம்தான், "அம்மாவும் பாக்கட்டுமே" என்றார்.

ஹெல்மெட்டை மாட்டிவிட்டதும் அம்மா கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடந்தார். "ஏத்தா, இது நம்ம தூணுல்ல" என்று தட்டிப் பார்த்தார். இருந்தது. "அடுப்படி நெல" என்று தொட்டார். அதுவும் இருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சிரித்தார். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்புறம் யாரும் சொல்லாமலே அவர் கால் ஜன்னல் பக்கம் திரும்பியது. தினம் போகிற இடம்தானே.

"இங்கன என்னத்தா, சோபாவா?"

"ஆமாம்மா" என்றேன். அது வெறும் படம் என்று சொல்லியிருக்கலாம். மேடம் பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை.

அதுவரை தொட்டதெல்லாம் நிஜமாக இருந்ததே, அதுதான் வினையாகப் போயிற்று. அம்மா திரும்பி நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளி போல அந்தச் சோபாவில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரையில் தொப்பென்று விழுந்தார்.

ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினேன். முகம் வெளுத்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. விழுந்த வேகத்தில் சுவரோரம் ஒதுங்கியிருந்த பூண்டுத் தோல் கொஞ்சம் பறந்து மேடத்தின் காலடியில் விழுந்தது. "இங்கதான் பூண்டு வேலை நடக்குமாம்மா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா டீச்சர். வேல பாக்குற அம்மா ஒருத்தி வருவா. இங்கன உக்காந்துதான் வெட்டுவா. இன்னிக்கு வரல" என்றார்.

மேடம் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வெட்டுக்காயமும் கறையுமாக இருந்த அந்தக் கட்டைவிரலை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்திருக்கும்.  என் முகத்தைக்கூடப் பார்க்காமல் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். 

அம்மாவுக்கு முதுகின் அடி எலும்பில் நல்ல அடி. ரொம்ப நாள் தரையில் உட்கார முடியவில்லை. உட்கார முடியாதவருக்குப் பூண்டு வேலை ஏது. மூட்டைகள் வேறு வீடுகளுக்குப் போயின. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாஸ் போட்ருவாகளாத்தா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார். பாஸ் போட்டார்கள், நல்ல மார்க்கே போட்டார்கள். அந்தச் சோபாவைப் படத்திலிருந்து நான் கடைசி வரை எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போதெல்லாம் அம்மா என்ன வேலை பார்த்தார் என்று யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்கிறேன். சொல்வதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. அம்மாவை அவருடைய வீட்டிலிருந்தே அழித்துவிட, பலகையை வரையாமல் விட்டு நான் தொடங்கிய வேலையை, வலியோடு தரையில் கிடந்தபடி எனக்காக அவரே முடித்துக்கொடுத்தார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.