பிரேக் அக்கா பால் நிறுத்திய கதை

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனிப் பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறவள். "ஒரேயடியா மிதிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி நிறுத்துங்க" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் மகளுக்குப் பால் நிறுத்தியது எப்படி? ஒரேயடியாகத்தான்.

எல்லாம் மற்றவர்கள் வாய்க்குப் பயந்து. மகளுக்கு ஒன்றரை வயது. "இன்னுமா குடிக்கிறா? கல்யாணம் வரைக்கும் குடுப்பியா?" என்றாள் மாமியார். பிறந்த புதிதில் "பவுடர் பாலெல்லாம் ஒரு பாலா?" என்று கேட்டதும் இதே வாய்தான். கணவன் எந்தப் பக்கமும் சாயாத உத்தமன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டான். முதலாளிக்கோ ரொம்பக் கரிசனம், மாலை வகுப்பையும் அவள் தலையில் எப்போது கட்டலாம் என்று. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு, ஒரு ராத்திரி தன் கூடப்பிறந்த அக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மகள் வீட்டை இரண்டாக்கிவிடுவாள், தன்னைக் கையோடு கூப்பிடுவார்கள் என்று போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விடிந்த பிறகுதான் அது அடித்தது.

"சமத்தாத் தூங்கிட்டா. டம்ளர்ல பால் குடிச்சா. உன்னக் கேக்கவே இல்ல!" என்றான் கணவன். குரலில் பெருமை வழிந்தது.

"அப்பாடா, தொல்ல விட்டுதுடி" என்றாள் அக்கா.

அவளுக்கு வயிறு எரிந்தது. ராப்பகல் பாராமல் உழைத்தவளை இப்படியா அனுப்புவது, ஒரு சின்ன அழுகைகூட இல்லாமல்? பால் போனதும் தானும் வேண்டாதவளாகிவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

மார்பு கல்லாகக் கனக்க வேலைக்குப் போனாள். அன்று வண்டி ஓட்டியவர் ஒரு பல் டாக்டர். கடைத்தெருவில் ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை வாசலில் யார் பெற்ற பிள்ளையோ வீலென்று அழுதது. அவ்வளவுதான், அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நிற்க, பின்னால் ஹாரன்கள் அலறின.

"மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"கண்ணாடியப் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"சரியாப் பாக்கல" என்று சொல்லித் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிற மனிதர், பாவம், முகம் தொங்கிப்போய் வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மகள் கை நீட்டினால் கொடுத்துவிடுவது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தாள். நீட்டாவிட்டால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

டம்ளரும் கையுமாக அப்பா மடியில் இருந்த மகள், அவளைப் பார்த்ததும் இறங்கி, வழியெல்லாம் பாலைச் சிந்திக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்ததும் மடியில் ஏறினாள். சட்டைப் பக்கம் கை போகவில்லை. டம்ளரை அம்மாவின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, குடி."

அவள் குடித்தாள்.

"இன்னும்" என்றாள் மகள், அம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்து.

"எதுக்கு இப்ப அழற?" என்றான் கணவன்.

"சக்கர பத்தல" என்றாள் அவள், டம்ளரை விடாமல்.