வெற்றிலைச் சுண்ணாம்பும் சோடியம் சிட்ரேட்டும்

யுத்த காலத்தில் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம், சிறுநீர் பரிசோதிப்பது என் வேலை. ஒருநாள் காலை, என் அக்காவைத் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே பிரசவம். குழந்தை சுகம், அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒருவழியாகப் போக்கை நிறுத்திய டாக்டரம்மா, "உடனே ரத்தம் ஏத்தினாத்தான் பிழைப்பாங்க" என்றார். சோதித்துப் பார்த்தேன். என் ரத்தம் சேரவில்லை, அக்காவைக் கட்டிய மாமாவுடையதும் சேரவில்லை. சேர்ந்தது யாருடையது என்கிறீர்கள்? அக்காவின் மாமியாருடையது! ஒருநாள் சண்டை போடாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது.

"எடுத்துக்கோ தம்பி, ஜல்தி" என்று கையை நீட்டிவிட்டார் அத்தை.

எடுத்த ரத்தம் பாட்டிலில் உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் வேண்டும். வார்டில் அது தீர்ந்திருந்தது. நல்லவேளை, என் அறையில் ஒரு புட்டி இருந்தது. சர்க்கரை வியாதியைக் கண்டுபிடிக்கச் சிறுநீரில் ஊற்றிக் காய்ச்சும் நீல மருந்தை அதைப் போட்டுத்தான் தயாரிப்பேன். மருந்திலுள்ள தாமிரம் அடியில் படியாமல் அது பிடித்துவைக்கும். டாக்டரம்மா சரி என்றதும், காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்தேன்.

"இன்னா உப்பு அது?" என்றார் அத்தை.

"ரத்தத்துல சுண்ணாம்பு இருக்குது அத்தை, அது இருந்தாத்தான் உறையும். இந்த உப்பு அந்தச் சுண்ணாம்பைக் கெட்டியா புடிச்சிக்கினு உடாது."

அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. எழுந்துபோய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஐயோ, நான் நாள் பூரா சுண்ணாம்பு தடவிப் போடறவளாச்சே! எனக்கு ஜாஸ்தி இருக்குமே. உள்ள போயி அவளுக்கு அடைச்சிக்கினா? இன்னும் ரெண்டு கரண்டி போடு தம்பி!"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. கம்முனு படுங்க!" என்று கத்தினேன். படுத்தார். "உறையுதா பாரு, உறையுதா பாரு" என்று மட்டும் ஓயவில்லை. இந்த மனுஷியைப் போய் இத்தனை நாள் ராட்சசி என்று நினைத்தேனே! கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

ரத்தம் ஏறியது. மத்தியானம் அக்கா கண்ணைத் திறந்தாள். பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்ததும், "நீங்க இங்க படுத்துக்கினு இருந்தா, மாட்டுக்கு யாரு தண்ணி வெக்கிறது?" என்று முனகினாள்.

"வாய மூடுடி. குடுத்ததையெல்லாம் பேசியே தீத்துடுவ போலருக்குது" என்ற அத்தை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.