காகிதச் சட்டை

ஐம்பதுகளில், இலங்கையின் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளுக்குத் துணி விற்க வரும் சீனாக்காரர், என் ஐந்து வயது மகளின் தோளையும் கையையும் நூலால் அளந்துகொண்டார். சட்டை தைத்துத் தருவாராக்கும் என்றிருந்தேன்.

மாலைப் பனிமூட்டத்தில், லயத்துக்குப் பின்னால் அவர் ஒரு காகிதச் சட்டையைக் கொளுத்திக்கொண்டிருந்தார். அச்சு அசலாக என் மகளின் அளவு.

"எம்புள்ளைக்குச் செய்வினையா வைக்கிற?" என்று அலறி, நெருப்பை மிதித்து அணைத்தேன்.

"எம் மக சீனாவுல செத்துப்போச்சும்மா. எரிச்சாத்தான் சட்டை அவகிட்டப் போகும். உங்க புள்ள வயசுதான். அவ பொறக்குமுன்னயே நான் இங்க வந்துட்டேன், அவளைப் பார்த்ததே இல்ல, அளவு தெரியல" என்றார்.

என் காலடியில் காகிதச் சட்டையின் ஒரு கை மட்டும் எரியாமல் கிடந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பின் அவர் வரவேயில்லை.

இன்றும் பனி இறங்கினால், எங்கேயோ ஒரு குழந்தைக்கு ஒரு கை மட்டும் குளிர்கிறது.